கொழும்பின் இளைஞர் மன்றங்கள்: வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

கொழும்பு மாநகரின் வடக்கே கொட்டாஞ்சேனையிலும் தெற்கே வெள்ளவத்தையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் இளைஞர்கள் தாமே கூடி அமைத்தவையும், மூத்தோர் இளைஞருக்கென அமைத்துக் கொடுத்தவையுமான சங்கங்கள் பல. சமயம், மொழி, விளையாட்டு, நாடகம், அரசியல், சமூக சேவை என அவற்றின் நோக்கங்கள் வேறுபட்டன. ஆனால் எல்லாவற்றிலும் இருபது வயதுப் பிள்ளை ஒருவர் கையில் கணக்குப் புத்தகமும் மண்டபச் சாவியும் கொடுக்கப்பட்டன. ஊரையும் உறவையும் விட்டுத் தலைநகருக்கு வந்த தமிழருக்கு இந்த நகரத்தில் ஓர் ஊரை உண்டாக்கித் தந்தவை இவையே.

இரு பகுதிகளின் இயல்பும் வேறு. கொட்டாஞ்சேனை (கொழும்பு 13) துறைமுகத்தை ஒட்டிய பழைய குடியிருப்பு. ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடை, செட்டியார் தெரு என்று தொடரும் அப்பகுதியில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. துறைமுகத் தொழிலாளர், வணிகர், கரையோரக் கத்தோலிக்கர், இந்திய வம்சாவளியினர், வடக்கு கிழக்கிலிருந்து வந்தோர் எனப் பலரும் நெருக்கமாக வாழ்கிறார்கள். வெள்ளவத்தை (கொழும்பு 6) காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளின் ஊர். அரச உத்தியோகத்தரும் ஆசிரியரும் மருத்துவரும் வாடகைக்கு வந்து, பிறகு வீடு வாங்கி, இன்று தொடர்மாடிகளில் நிறைந்திருக்கும் இடம். கொட்டாஞ்சேனையின் மன்றங்கள் பெரும்பாலும் கோயில் வீதி, பங்கு, மைதானம், குடியிருப்பு ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தன. வெள்ளவத்தையில் மொழியும் சமயமும் விட்டுவந்த ஊரும் படித்த பாடசாலையும் ஆட்களைச் சேர்த்தன.

பெயர்

தொடக்கத்தில் ‘வாலிபர்’ என்ற சொல்லே வழங்கியது. கிறிஸ்தவ வாலிபர் சங்கம், பௌத்த வாலிபர் சங்கம், வாலிபர் காங்கிரஸ் என்னும் பெயர்கள் அந்தக் காலத்தவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ‘இளைஞர்’ என்ற சொல் முன்னுக்கு வந்தது. அரசாங்கம் பதிவு செய்யும் அமைப்புக்கு இன்று ‘இளைஞர் கழகம்’ என்று பெயர். தெருவில் கேட்டால் ‘யூத் கிளப்’ என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து இயங்கும் ‘சனசமூக நிலையம்’ கொழும்பில் அதே பெயரில் வேரூன்றவில்லை. ஆனால் அதில் வளர்ந்தவர்கள் அந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். வெள்ளவத்தையில் நடக்கும் ஊர்ச் சங்கக் கூட்டமொன்றில் பத்து நிமிடம் இருந்தால் அது தெரிந்துவிடும்.

வாலிபர் சங்கக் காலம்

லண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் 1844இல் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கொழும்புக் கிளை 1882இல் உருவானது. கிராமத்திலிருந்து நகருக்கு வேலை தேடி வந்த வாலிபனுக்கு ஒரு கூடம், சில புத்தகங்கள், உடற்பயிற்சிக்கு இடம், ஒழுக்கமான நண்பர்கள் என்பதே அந்தச் சங்கத்தின் அடிப்படை எண்ணம். கொழும்புக்கு அது நன்றாகப் பொருந்தியது. மற்றச் சமயத்தவரும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். 1898இல் கொழும்பு பௌத்த வாலிபர் சங்கம் தோன்றியது. முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் அகில இலங்கை அமைப்பு பின்னாளில், 1950இல் வந்தது.

சமய அடிப்படையில் பிரிந்து நின்ற இந்தச் சங்கங்களைப் பற்றிப் பேசும்போது கொட்டாஞ்சேனையின் பழைய காயம் ஒன்றை மறக்க முடியாது. 1883 மார்ச் 25 அன்று, உயிர்த்த ஞாயிறு நாளில், பௌத்த ஊர்வலம் ஒன்றின்மீது நடந்த தாக்குதல் கலவரமாக மூண்டது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் சமயத்தின் பேரால் மோதிக்கொண்ட அந்த நிகழ்வு, ஒவ்வொரு சமூகமும் தன் இளைஞரைத் தனித்தனியே அணிதிரட்ட ஒரு காரணமாயிற்று. சங்கம் ஒரு கூட்டத்தை உள்ளே இணைக்கும்போது இன்னொரு கூட்டத்தை வெளியே நிறுத்திவிடக்கூடும். இந்த வரலாற்றில் அது பலமுறை நடந்திருக்கிறது.

சைவத் தமிழரிடையே முதற்பெரும் முயற்சி விவேகானந்த சபை. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் கரையிறங்கினார். அவர் இங்கே தங்கியது சில நாட்களே என்றாலும் படித்த தமிழரிடம் அந்த வருகை விட்ட தாக்கம் பெரிது. அவர் மறைந்த 1902ஆம் ஆண்டிலேயே கொழும்பு விவேகானந்த சபை தொடங்கப்பட்டது. அது அமைந்துள்ள கொட்டாஞ்சேனைச் சாலைக்கு இன்று விவேகானந்த மேடு என்று பெயர். நூலகம், சொற்பொழிவு, வகுப்பு என்று வளர்ந்த சபை, நாடெங்கும் பாடசாலை மாணவருக்குச் சைவ சமயப் பரீட்சை நடத்தும் நிறுவனமாக நிலைபெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ‘விவேகானந்த சபைச் சோதினை’ எழுதியிருக்கிறார்கள். வினாத்தாள் அச்சிடுவது, நிலையம் ஒழுங்குசெய்வது, விடைத்தாள் திருத்துவது, சான்றிதழ் அனுப்புவது என்று அதன் பின்னால் நின்ற தொண்டர் உழைப்பைச் சமயத் தொண்டு என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு நாடு முழுவதற்குமான வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் பயிற்சியாகவும் அது இருந்தது.

அக்காலக் கொழும்புத் தமிழ் வாலிபர் யார்? வடக்கு ரயில் பாதை 1905இல் முழுமையடைந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞர் வேலைக்கு வந்தவர்கள் அவர்களிற் பெரும்பகுதியினர். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமைக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பி வாழ்ந்தார்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவர்களுக்குப் போக ஓர் இடம் தேவைப்பட்டது. விளையாட்டில் ஈடுபாடுள்ளவர்களுக்கு 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் துடுப்பாட்டக் கழகம் இருந்தது. இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை 1982 பெப்ரவரியில் ஆடிய பி. சரவணமுத்து மைதானம் இக்கழகத்தின் மைதானமே. முத்தையா முரளிதரன் ஆடியதும் இந்தக் கழகத்துக்காகத்தான். நாடகத்தில் ஆசை கொண்டவர்கள், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை சென்னையிலிருந்து வந்து கொழும்பில் மேடையேற்றிய நாடகங்களைப் பார்த்து, கூலிக்கு நடிப்பவரல்லாத படித்தவரும் நடிக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். கலையரசு க. சொர்ணலிங்கம் முன்னின்ற இலங்கைச் சுபோத விலாச சபை அந்த வழியில் வந்தது.

பெண்கள் இந்தச் சங்கங்களில் பார்வையாளராகக்கூட அரிதாகவே இருந்தார்கள். அவர்களுக்கான வாசல் தனியே திறந்தது. 1909இல் டாக்டர் மேரி இரட்ணம் முன்னின்று தொடங்கிய தமிழ் மகளிர் சங்கம் பின்னர் ‘கலாலயம்’ என்னும் இசை, நடனப் பள்ளியை நடத்தியது. 1930இல் தொடங்கிய சைவ மங்கையர் கழகம் வெள்ளவத்தையில் பெண்களுக்கென ஒரு பாடசாலையை எழுப்பியது. வாலிபர் சங்கங்கள் பல பேச்சோடு நின்றுவிட்ட காலத்தில் பெண்கள் கட்டிய பாடசாலை இன்னும் நடக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் கொழும்பில் விவேகானந்த சபை, கிறிஸ்தவ வாலிபர் சங்கம், பௌத்த வாலிபர் சங்கம் மூன்றிலும் பேசினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ். அதுவே பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. பாடசாலை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த அந்த அமைப்பு, முழுச் சுயராச்சியம் கோரி 1931இல் அரசாங்க சபைத் தேர்தலையே யாழ்ப்பாணத்தில் புறக்கணிக்கச் செய்யும் வலிமை பெற்றிருந்தது. இனம், சாதி, சமயம் ஆகிய மூன்றையும் கடந்து இளைஞர் ஒன்றுபட முடியும் என்ற நம்பிக்கையைத் தமிழரிடையே அவ்வளவு உரக்கச் சொன்னவர்கள் அவர்களுக்கு முன் இல்லை.

வெள்ளவத்தை ஆலையும் தென்கொழும்பு வாலிபர் சங்கமும்

இளைஞர் சங்கம் ஒன்று ஒரு நாட்டின் அரசியலையே திருப்பியதற்கு வெள்ளவத்தையிலேயே சான்று இருக்கிறது. ஹெவ்லொக் வீதியில் இன்று வானளாவ நிற்கும் ‘ஹெவ்லொக் சிட்டி’ குடியிருப்பின் நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலை இருந்தது. 1933 பெப்ரவரியில் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. ஆலையில் ஏறத்தாழ 1,400 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மலையாளிகள். அந்நாளைய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க இந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான உணர்வு கொழும்பில் கொழுந்துவிட்ட நேரம் அது.

தொழிலாளர் பக்கம் நின்றது தென்கொழும்பு வாலிபர் சங்கம். கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா, லெஸ்லி குணவர்த்தன, வேர்னன் குணசேகர முதலானோர் இந்த வட்டத்தவர். பலர் அப்போதுதான் வெளிநாட்டுப் படிப்பு முடித்துத் திரும்பியிருந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள். ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொல்வின் தலைவராகவும் வேர்னன் குணசேகர செயலாளராகவும் ஆனார்கள். வேலைநிறுத்தம் வெற்றி பெறவில்லை. ஆனால் அதுவரை விவாதமேடையில் மட்டுமே பேசிப் பழகியவர்கள், வேறு மொழி பேசும் தொழிலாளியின் முற்றத்தில் உட்கார்ந்து அவன் கணக்கைக் கேட்கவும் சந்தா சேர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் நாடாளுமன்றத்தை அதிரவைத்தவர்கள் முதலில் உட்கார்ந்து கேட்கப் பழகியது இந்த ஆலை வாசலில்.

அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் எடுத்த இன்னொரு வேலை இன்னும் அழகானது. முதலாம் உலகப் போரின் நினைவாக அக்காலத்தில் ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் கொழும்பில் செயற்கைப் பொப்பி மலர் விற்கப்படும். சேரும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போய்விடும். அதற்கு மாற்றாகப் பூவரசம்பூவை விற்கும் எண்ணம் 1931இல் எழுந்திருந்தது. சிங்களத்தில் அதன் பெயர் ‘சூரிய மல்’. வேலியோரத்தில் மஞ்சளாய்ப் பூத்துச் சிவந்து உதிரும் அந்த ஏழைப் பூவை 1933இல் தென்கொழும்பு வாலிபர் சங்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பின் அடையாளமாக்கியது. டொரீன் யங் போன்ற பெண்கள் முன்னணியில் நின்றார்கள். தெருத்தெருவாகப் பூ விற்றுச் சேர்ந்த பணம் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்குப் போனது.

அடுத்து 1934–35இல் மலேரியா கொள்ளைநோய் பரவியபோது, பூ விற்ற அதே இளைஞர் வலையமைப்பு கேகாலை மாவட்டத்துக் கிராமங்களுக்குக் குயினினும் பருப்பும் சுமந்து போனது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க மருத்துவப் பணியை நடத்தினார். 1935 டிசம்பர் 18 அன்று லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மறு ஆண்டு பிலிப் குணவர்த்தனவும் என். எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். தீவின் முதல் மார்க்சியக் கட்சியின் வேர் தேடிப் போனால் வெள்ளவத்தையைச் சுற்றிய ஒரு வாலிபர் சங்கம் வரை போக வேண்டியிருக்கிறது.

மொழியும் கூடமும்

1930இல் வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் நிலைகொண்டது. சுவாமி விபுலானந்தரின் பெயரோடு சேர்ந்த அமைப்பு என்பதால் தமிழரிடையே அதற்குத் தனி மதிப்பு. அதன் ஞாயிறு அறநெறி வகுப்புகளும் மண்டபமும் வெள்ளவத்தையின் பண்பாட்டு வாழ்வின் மையமாயின. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் நூலகமும் சங்கரப்பிள்ளை மண்டபமும் கொண்ட அந்தக் கட்டடம் இன்று உருத்திரா மாவத்தை என்ற முகவரியில் நிற்கிறது. பெயரளவில் அது இளைஞர் மன்றம் அன்று. ஆனால் கொழும்பில் வளர்ந்த தமிழ் எழுத்தாளர், பேச்சாளர், நடிகர் பலருக்கு முதல் மேடை அங்கேதான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அதன் நூலகத்தில் அமைதியான ஒரு மேசைக்காக வருவதும் உண்டு.

சொந்தக் கூடம் இருந்த அமைப்புகளே நிலைத்தன. கொழும்பில் ஆயிரம் நல்ல நோக்கங்கள் வாடகை மண்டபத்தில் பிறந்து வாடகை மண்டபத்திலேயே முடிந்திருக்கின்றன. செயலாளர் வெளிநாடு போனால் கூட்டக்குறிப்புப் புத்தகமும் அவர் வீட்டு அலுமாரியோடு போய்விடும். விவேகானந்த சபை, தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் ஆகியவற்றுக்குச் சுவரும் பூட்டும் இருந்தன. ஆதலால் நினைவும் இருந்தது.

கலவர ஆண்டுகள்

1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் நிறைவேறியபின் கொழும்புத் தமிழ் இளைஞர் சங்கங்களின் திசை மாறியது. உத்தியோகத்தை நம்பி வந்த குடும்பங்களின் அடித்தளம் ஆடியது. 1958 கலவரத்தில் கொழும்புத் தமிழர் அகதிகளாகிக் கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டார்கள். 1977இல் மீண்டும் ஒரு கலவரம். 1983 யூலையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எங்கும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. வகுப்பறைகளில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்த அந்த நாட்களில், தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்தவும் பெயர்ப் பட்டியல் எழுதவும் பால்மா பங்கிடவும் யார் முன்வந்தார்கள் என்று அந்த முகாம்களில் இருந்தவர்களைக் கேட்டால், பாடசாலை மாணவத் தலைவர்களையும் சாரணரையும் மன்றத் தொண்டர்களையும் சொல்வார்கள். திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் நடத்திப் பழகிய கைகள் அவை.

அதன்பின் பெருந்தொகையானோர் வெளியேறினர். சங்கங்கள் பல ஆளின்றிக் கலைந்தன. தப்பியவை கனடாவிலும் லண்டனிலும் ஒஸ்திரேலியாவிலும் கிளை விட்டன. கொழும்பில் கற்ற கூட்டமுறைதான், செயற்குழுவும் ஆண்டு மலரும் கலைவிழாவும் சேர்ந்து, ரொறன்ரோவின் ஊர்ச் சங்கம் வரை போயிருக்கிறது.

அரசாங்கத்தின் இளைஞர் கழகங்கள்

1971 ஏப்ரல் கிளர்ச்சி தென்னிலங்கைச் சிங்கள இளைஞரின் வேலையின்மையையும் விரக்தியையும் அரசின் முகத்தில் அறைந்து காட்டியது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அந்தப் பின்னணியில் வந்தது. அதன் தலைமையகம் மகரகமையில் உள்ளது. 13 தொடக்கம் 29 வயது வரையானோர் கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் இளைஞர் கழகமாகப் பதிவு செய்யலாம். கழகங்கள் சேர்ந்து பிரதேச சம்மேளனம், அவை சேர்ந்து மாவட்ட சம்மேளனம், அதற்கு மேல் தேசிய சம்மேளனம் என்று அடுக்கு அமைந்திருக்கிறது. கொட்டாஞ்சேனைக் கழகம் கொழும்புப் பிரதேச செயலகத்தின்கீழ் வரும். வெள்ளவத்தைக் கழகம் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்தின்கீழ் வரும். ஒவ்வொரு மட்டத்திலும் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் நடக்கும்.

தொழிற்பயிற்சி, விளையாட்டு விழா, நாடக, இலக்கியப் போட்டிகள், ‘யொவுன்புர’ என்னும் பெருமுகாம், பின்னர் இளைஞர் பாராளுமன்றம் என்று இம்மன்றத்தின் வேலைகள் விரிந்தன. நாட்டின் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பைப் போர்க்காலத்துக்குப் பின் பிறந்தவர்களுக்கு வேறு எந்த அமைப்பும் இவ்வளவு பரவலாகத் தரவில்லை. கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பிள்ளை அம்பாந்தோட்டைச் சிங்களப் பிள்ளையோடு சேர்ந்து பந்தற்கால் நடுவது சிறிய காரியமன்று.

குறையும் உண்டு. 1987–89இன் இரண்டாவது கிளர்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் தந்த அறிக்கை, இளைஞரின் கசப்புக்கு அரசியல் தலையீட்டையும் சலுகை வழங்கலையும் முக்கிய காரணமாகச் சுட்டியது. அரசுக் கழகங்கள் அந்த நோயிலிருந்து முழுதாக விலகி நிற்கவில்லை. ஆட்சி மாறும்போது கழகங்களின் சாயலும் மாறியது. தமிழ்ப் பகுதிகளில் இன்னொரு தடை மொழி. சுற்றறிக்கை சிங்களத்தில் வந்தால், அதைப் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரே எழுதாச் சட்டப்படி செயலாளர் ஆகிவிடுகிறார். ஆயினும் இரு மொழியிலும் கடிதம் எழுதத் தெரிந்த பல இளைஞரைக் கொழும்பு அப்படித்தான் உருவாக்கியது. நாடு அவர்களைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது வேதனை.

1995க்குப் பின்

யாழ்ப்பாணத்தில் 1980இல் மாணவப் பருவத்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பன் கழகம் 1995இல் கொழும்புக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் போரினால் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தது. வெள்ளவத்தையின் அறைகளும் விடுதிகளும் வடக்கிலிருந்து வந்தோரால் நிறைந்தன. கம்பவாரிதி இலங்கை ஜெயராஜின் வழிநடத்தலில் கழகம் ஆண்டுதோறும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நடத்திய கம்பன் விழாக்கள் போர்க்காலக் கொழும்பின் பெரிய தமிழ்க் கூடல்களாயின. பட்டிமண்டபத்திலும் வழக்காடு மன்றத்திலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளை மூத்த அறிஞரின் எதிரணியில் நிறுத்தியது அக்கழகத்தின் துணிவான வழக்கம். இன்று மேடைகளிலும் வானொலி, தொலைக்காட்சியிலும் தெளிவான தமிழ் பேசும் பலர் அந்தப் பட்டறையில் தீட்டப்பட்டவர்கள். விழா தொடங்க மூன்று மணி நேரம் இருக்கையில் மண்டபத்துக்குப் போயிருந்தால், வேட்டியை மடித்துக் கட்டிய பையன்கள் கதிரை வரிசைக்கு நூல் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கலாம். ஒரு கதிரை அரை அடி பிசகினாலும் முழு வரிசையையும் திருப்பி அடுக்குவார்கள்.

இதே காலத்தில் தமிழ் இளைஞர் கூடுவதே சந்தேகத்துக்குரியதாயிற்று. பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, அடையாள அட்டை கேட்கும் சந்திகள். ஒத்திகை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்காகத் தாய் வாசலில் நிற்பாள். ஒத்திகைக்குப் போனதற்கு அத்தாட்சியாகச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு துண்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட காலம் அது. 2007 யூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் விடியுமுன் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்குமாக வந்து தங்கியிருந்த இளைஞர் அவர்களில் பலர். இப்படிப்பட்ட ஆண்டுகளிலும் மன்றங்கள் கதவைத் திறந்து வைத்திருந்தன என்பதைத் துணிவு என்றே எழுத வேண்டும்.

கற்பித்தல் எப்படி நடக்கிறது

தலைமைத்துவம் என்ற சொல் இன்று பயிற்சிப்பட்டறைகளில் மலிந்து கிடக்கிறது. மன்றத்தில் அதைப் பாடமாக யாரும் நடத்துவதில்லை. அது வேலையோடு வேலையாக வருகிறது.

கூட்டக்குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். கோடிட்ட தடித்த அட்டைக் கொப்பி. முதல் வரியில் நாள், நேரம், இடம். பிறகு சமுகமளித்தோர். அதன்பின் ‘சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு, ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய ஏற்கப்பட்டது’ என்று வரும் வரி. அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் பதினேழு வயதுச் செயலாளருக்கு ஒன்று விளங்கிவிடுகிறது: தான் விரும்பியதை எழுத முடியாது, கூட்டம் சொன்னதையே எழுத வேண்டும். ஏதாவது பிசகினால் அடுத்த மாதம் எல்லோர் முன்னிலையிலும் யாராவது எழுந்து கேட்பார்கள். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையொப்பம் இட வேண்டும்.

பொருளாளரின் பாடம் இன்னும் கடினம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறவேண்டும். கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை முதலாளி நூறு ரூபாய் தந்தாலும் சீட்டு வெட்டிக் கொடுத்தாக வேண்டும். தர மறுத்தவரிடமும் நன்றி சொல்லி இறங்க வேண்டும். விழா முடிந்தபின் பந்தல், ஒலிபெருக்கி, சிற்றுண்டி என ஒவ்வொன்றுக்கும் சிட்டை வைத்து, மிச்சத்தை எண்ணிக் காட்ட வேண்டும். ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸ் நிலையம், மைதானத்துக்கு மாநகர சபை, பதிவுக்குப் பிரதேச செயலகத்தின் இளைஞர் சேவை உத்தியோகத்தர் என்று ஏறி இறங்கும்போது நாட்டின் நிர்வாகம் எப்படி நகர்கிறது, எங்கே நகர மறுக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இரத்ததான முகாம் இன்னொரு நல்ல உதாரணம். இலங்கை 2014 முதல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளரின் குருதியிலேயே இயங்குகிறது. விலைக்கு வாங்குவதும் இல்லை, நோயாளியின் உறவினரைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. அந்தக் குருதியின் பெரும்பங்கு விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, இளைஞர் மன்றம் ஆகியவை ஒழுங்குசெய்யும் நடமாடும் முகாம்களில் சேர்கிறது. கட்டில் எத்தனை, வருவோருக்கு என்ன பானம், மயங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று திட்டமிடுவது இளைஞரின் பொறுப்பு. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்து, நகரமே கதறிய அந்த ஞாயிறு, நாரஹேன்பிட்ட தேசிய இரத்த நிலையத்தின்முன் எல்லா இனத்தவரும் வரிசையில் நின்றார்கள்.

இன்றைய நிலை

பழைய சபைகள் நிற்கின்றன. ஆனால் அவற்றின் செயற்குழுக்களில் நரைத்த தலைகளே அதிகம். ஐம்பது வயதிலும் ‘இளைஞர் அணி’ப் பொறுப்பை விடாதவர்கள் உண்டு. இது மன்றங்களுக்குள் இருக்கும் பெருங்குறை. வெளியே இருந்து வரும் நெருக்கடி தனியார் வகுப்பு. வெள்ளவத்தையில் சனி, ஞாயிறு இரு நாளும் காலை ஆறரைக்குத் தொடங்கும் வகுப்புகள் இருள்வரை தொடர்கின்றன. முன்பு மன்றம் கூடிய ஞாயிறு மாலை இப்போது வகுப்பு மாலை. உயர்தரம் முடிந்ததும் வெளிநாட்டுக்கு விண்ணப்பம். 2022 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அந்த ஓட்டம் வேகமெடுத்தது. ஒரு செயலாளர் பழக்கப்பட்டு வருவதற்குள் அவருடைய விசாவும் வந்துவிடுகிறது.

இடைவெளியைப் பாடசாலைகளின் இன்டரக்ட், லியோ கழகங்களும் ரொட்டரக்ட் கழகங்களும் ஓரளவு நிரப்புகின்றன. அங்கே பெண்பிள்ளைகள் தலைவர்களாக வருவது இயல்பாகிவிட்டது. வாலிபர் சங்கக் காலம் கண்டிராத மாற்றம் இது. அலுவல்மொழி பெரும்பாலும் ஆங்கிலமாக இருப்பதால் தமிழில் கூட்டம் நடத்தும் பழக்கம் அங்கே குறைவு. கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசலான குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதும் இல்லை. அவர்களுக்கு இன்றும் பங்குத்தளத்தின் இளையோர் மன்றமும், கோயிலின் தொண்டர் சபையும், சந்தியில் உள்ள விளையாட்டுக் கழகமுமே கதி. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கழகத்தின் தகரக் கதவைத் திறந்து, பந்தையும் வலையையும் எடுத்துவைத்து, சந்தா தராத பையனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, இருட்டியதும் எல்லாவற்றையும் எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுகிற பிள்ளைக்கு வயது பதினாறோ பதினேழோ இருக்கும்.